ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது, எலும்பு இளைக்கிறது: பாராதைராய்டு சோதனை முதல் அறுவை வரை

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் எலும்புத் தேய்மானம் என்று வந்ததும் பல இடங்களில் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதைத் தொடங்கும் முன் வீட்டிலுள்ள பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். கால்சியம் (மி.கி./டெ.லி. அளவில்) 10.6, 10.8 என்று இரண்டு மூன்று முறை வந்திருந்தால், 'லேசாகத்தானே கூடியிருக்கிறது' என்று விடக்கூடாது. அது எலும்பிலிருந்து கரைந்து வந்த கால்சியமாக இருக்கலாம்.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை பிடிஎச் என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுக்கும். போதுமான அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். ஒரு சுரப்பியில் சிறு கட்டி வந்தால் (பெரும்பாலானவர்களுக்கு ஒன்றில்தான் வரும்) எடுப்பது தொடரும், நிறுத்துவது நடக்காது.

கால்சியம், அல்புமின் (கால்சியத்தைச் சுமக்கும் ரத்தப் புரதம்), பிடிஎச் மூன்றையும் ஒரே முறை எடுக்கும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி நெடுநேரம் நரம்பு தேடினால் கால்சியம் பொய்யாக ஏறும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில லேப் முறைகளில் பிடிஎச்சைக் குறைத்துக் காட்டும். சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். தையசைடு வகை பி.பி. மாத்திரை, லித்தியம் சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவையும் கால்சியத்தை ஏற்றும்.

அதிகம் பேர் ஏமாறுவது தாளைப் படிப்பதில்தான். கால்சியம் 11, பிடிஎச் 55. லேப் அச்சிட்ட அளவு 15 முதல் 65 என்பதால் பிடிஎச் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது. 'நார்மல்' என்று சொல்லிவிடுவார்கள். கால்சியம் 11 இருக்கும்போது ஒழுங்கான சுரப்பி ஏறக்குறைய அடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் 55 என்பது நார்மல் இல்லை.

அடுத்தது 24 மணி நேரச் சிறுநீர். காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வரும் எல்லாமே, மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, கேனுக்குள் போக வேண்டும். ஒருமுறை தவறினாலும் மறுபடி தொடங்குவதே நல்லது. பரம்பரையாக வரும், கட்டியை எடுக்கும் அறுவை தேவைப்படாத ஒரு வகையைப் பிரித்தறிய இதுதான் உதவும். அந்த வகையில் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும்.

டெக்சா எடுக்கும்போது முதுகெலும்பு, இடுப்போடு முன்கையையும் கேட்டு வாங்குங்கள். பிடிஎச் முதலில் அரிப்பது எலும்பின் கெட்டியான வெளி ஓட்டை. அது நிறைந்த இடம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே. முதுகில் சுமாராகத் தெரிந்து முன்கையில் டி-ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிடும் எண்) -2.5க்குக் கீழே போயிருப்பது உண்டு. இதற்காகவே அறுவை முடிவாகலாம். சிறுநீரகக் கல், 50க்குக் குறைந்த வயது, மேல் வரம்பைவிட 1 மி.கி.க்கு மேல் கூடிய கால்சியம் ஆகியவையும் அறுவைக்கான காரணங்கள்தான்.

செஸ்டாமிபி ஸ்கேனும் அல்ட்ராசவுண்டும் கட்டி எந்தப் பக்கம் என்று காட்டத்தான். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. நோயை உறுதி செய்வது ரத்தம். இந்த அறுவையை அடிக்கடி செய்யும் கைகளைத் தேடிப் போங்கள். கட்டியை எடுத்த 10 நிமிடத்தில் பிடிஎச் பாதிக்கும் கீழே இறங்குகிறதா என்று மேசையிலேயே பார்க்கும் வசதி இருந்தால் நல்லது.

வீடு திரும்பிய பின் இரண்டு முதல் நான்கு நாள்வரை கவனம் தேவை. பசித்துக் கிடந்த எலும்பு கால்சியத்தை ஒரேயடியாக இழுத்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் மரமரப்பு வந்தால் எழுதிக் கொடுத்தபடி கால்சியம் போடுங்கள்; விரல்கள் இழுத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எலும்பு வேகமாக மாறும்போது ரத்தத்தில் ஏறும் அல்கலைன் பாஸ்படேஸ் முன்பே அதிகமாக இருந்தவர்களுக்கும், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் இது கடுமையாக வரும். கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

அறுவைக்குக் காத்திருக்கும் நாள்களில் பாலையும் கேழ்வரகையும் ஒதுக்காதீர்கள். உணவில் குறைந்தால் சுரப்பி இன்னும் வேகமாக எலும்பைக் கரைக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சினகால்செட் மாத்திரை ரத்தக் கால்சியத்தை இறக்கும், எலும்பு அடர்த்தியைக் கூட்டாது.

ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியாக இருந்தால்தான் குணம் என்று கணக்கு. ஓராண்டு கழித்து அதே மெஷினில் டெக்சா எடுங்கள். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. முதுகும் இடுப்பும் முதலில் தேறும். முன்கை மெதுவாகத்தான் வரும்.