“இவ்வளவு அடிக்கக் கூடாது ஐயா”

“இவ்வளவு அடிக்கக் கூடாது ஐயா. நெஞ்சு படபடக்கும். குறைத்துக்கொள்ளுங்கள்.”

இவ்வளவுதான் சொன்னேன். கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு மாலை, நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஆறேழு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்க, மூச்சிளைப்புக்காரர் ஒருவருக்கு இன்ஹேலரை, அந்த நீல பம்பை, உறையில் போட்டபடியே சொன்னேன். அவர் “சரிம்மா” என்றார். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு ஜெகதேவி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். நான் அடுத்த சீட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

சொன்னதில் தவறு இருந்ததா என்று தேடினால், இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. கணக்கு என் பக்கம்தான் இருந்தது. நீல பம்பில் இருப்பது சால்புட்டமால், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. ஒரு பம்பில் 200 அழுத்து. 30 நாளுக்குள் அவர் கேட்டது மூன்றாவது பம்பு. முதல் இரண்டும் தீர்ந்தன என்றால் 400 அழுத்து, நாளொன்றுக்குப் பதின்மூன்று. சீட்டில் இருந்ததோ, ‘மூச்சு வாங்கும்போது இரண்டு’. அளவு மீறினால் கை நடுங்கும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். படிக்கும்போது எங்கள் ஆசிரியை நியூசிலாந்துக் கதையை ஒரு வகுப்பு முழுக்கச் சொன்னார். 1970-களின் பிற்பகுதியில் அங்கே ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று பெருகின. ஃபெனோடெரால் என்ற பம்பு மருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திய பிறகு மரணங்கள் குறைந்தன. அந்தப் பயம் எனக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. அதைத்தான் அவரிடம் கொடுத்தனுப்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தார். கிருஷ்ணகிரியில் நான்கு நாள் ஆக்சிஜன் வைத்திருந்தார்களாம். பனி இறங்கிய ஒரு ராத்திரியில் இளைப்பு கூடி, விடியற்காலை இரண்டு மணிக்கு 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார்.

“நீ சொன்ன வார்த்தையைத் தட்டவே இல்லை பாப்பா. அவ்வளவு திணறலிலும் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே ஒழிய, ஒரு அடி அடிக்கவில்லை. கடைக்காரப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்றார்.”

நான் ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் சொன்னேன். ‘வேண்டாம்’ என்று சொல்லவே இல்லை. அந்த அம்மாவிடம் இதைத் திருத்த வாயெடுத்தேன். எடுத்து என்ன ஆகப்போகிறது? மூச்சு முட்டும்போது திறக்க வேண்டிய ஒரே கதவு அந்த நீல பம்பு. அதை அவர் கையில் வைத்துக்கொண்டே மூடி வைத்திருந்தது என் வார்த்தையால்.

அதே சமயம், அவர் தை மாதம் தானே நடந்து கடைக்கு வந்த நாளில் எனக்கு வேறொன்று தெரிந்தது. அன்று கூட்டம் இல்லை. “எப்படி அடிப்பீர்கள், ஒருமுறை காட்டுங்கள் ஐயா” என்றேன். மூன்று பம்பு விற்ற பிறகு, முதல் முறையாக. பம்பைக் குலுக்கவில்லை. உள்ளே இருந்த மூச்சை வெளியே விடவில்லை. உதட்டைச் சரியாக மூடாமல் அழுத்தினார். அழுத்திய பிறகு, பீடி இழுப்பது போல வெடுக்கென்று இழுத்தார். மருந்தில் பாதி வெண்புகையாக வாயோரத்திலிருந்து வெளியே வந்தது. அந்தப் பதின்மூன்று அழுத்தில் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை? நான் ‘அதிகம்’ என்று எச்சரித்த மனிதருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது ஒருவேளை மிகக் குறைவான மருந்தாக இருந்திருக்கலாம்.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவருடைய சீட்டில் இரண்டு கருவிகள். ஒன்று, தூள் அடைத்த கேப்சூலை உள்ளே வைத்துத் திருகி இழுக்கும் தூள் மருந்து. அதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். மற்றொன்று இந்தப் பம்பு. அழுத்தும்போதே மெதுவாக, நீளமாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டுக்கும் நேர் எதிரான மூச்சு. பல்லாண்டு கிரானைட் பட்டறைத் தூசியில் கல் அறுத்தவருக்கு இதை யார் பிரித்துச் சொன்னார்கள்? தூள் மருந்தை அவர் கார்த்திகைக்கு முன்பே நிறுத்தியிருந்தார். “அதை இழுத்தால் ஒன்றும் தெரியவில்லை பாப்பா, இதை அடித்தால் உடனே தெரிகிறது” என்றார். தினமும் இழுத்தால்தான் அது வேலை செய்யும், உடனே எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார். பம்பு அவ்வளவு வேகமாகத் தீர்ந்ததற்குக் காரணமே அதுதான். மூன்றாவது பம்பு அவருடைய பேராசை போல என் கண்ணுக்குப் பட்டது. அது நோய் முற்றுகிறது என்று அடித்த மணி. அந்த மணியைக் கேட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டேன்.

சரி, இது மருத்துவர் சொல்ல வேண்டியதல்லவா? வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அவர் மனைவிக்கு ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. பம்பை வாயில் வைத்துக் காட்டச் சொல்ல மட்டும் ஒருவரும் வந்ததில்லை. ஆனால் மாதம் இரண்டு முறை அவர் என் முன்னால்தான் நின்றார். மருத்துவரைவிட அவரை அதிகம் பார்த்தவள் நான். இந்த நியாயத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் என்னிடமே வந்து நிற்கிறது.

பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் கூடு ஒன்று உண்டு, ஸ்பேசர் என்று பெயர். அன்று அதன் விலையைக் கேட்டு அவர் தயங்கினார். 500 மில்லி தண்ணீர்ப் பாட்டிலின் அடியில், பம்பின் வாய் அளவுக்குக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, இடைவெளியில்லாமல் ஒட்டிக் கொடுத்தேன். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்துப் பயன் கண்ட முறை இது. பாட்டில் வாயைப் பல்லுக்கு நடுவே வைத்து, உதட்டை மூடி, அழுத்தி, மெதுவாக இழுத்தார். புகை வெளியே வரவில்லை. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது. சற்று நேரம் கழித்து, “இப்போதுதான் நெஞ்சுக்குள் போகிறது” என்றார். அந்த முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு முடியவில்லை.

இனி மருந்து முன்பைவிட அதிகம் உள்ளே போகும். அப்படியென்றால் பதின்மூன்று இப்போது உண்மையிலேயே ஆபத்து. பழைய எச்சரிக்கையைத் திரும்பவும் சொல்ல வேண்டும், ஆனால் அந்த வார்த்தைகளில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரே கேட்டார்.

“எத்தனை அடிக்கலாம் என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடு பாப்பா. அதன்படி இருக்கிறேன்.”

“இரண்டு” என்றேன். “அதில் அடங்கவில்லை என்றாலும், நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். யோசிக்காதீர்கள், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் இதை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.”

அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“வண்டி வர நேரமாகுமே. அதுவரை அடிக்கலாமா, கூடாதா?”

“அடியுங்கள் ஐயா. வண்டி வரும் வரை அடியுங்கள்.”

“நெஞ்சு படபடத்தால்?”

“படபடத்தாலும்” என்றேன். என் குரல் அவருக்குக் கேட்டதா என்று தெரியாமல், இன்னொரு முறை சொன்னேன்.