மிதிக்கச் சொன்னது யார்?

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை ஆம்புலன்ஸில் டெக்னீஷியன் வேலை எனக்கு. பெரும்பாலும் மதுரைக்கு நோயாளிகளைக் கொண்டுபோவோம். ராஜபாளையம் தாண்டுவதற்குள் டிரைவர் அண்ணனுக்குப் போன் மேல் போன் வரும். "எங்க வர்றீங்க? கொஞ்சம் மிதிங்க" என்று மேனேஜர், அப்புறம் டாக்டர், அப்புறம் பின்னால் காரில் வரும் சொந்தக்காரர். ஆளாளுக்கு நாட்டாமை.

எங்கள் இருவருக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. நோயாளிக்கு என்ன செய்வது என்று டாக்டர் சொல்வார், நான் செய்வேன். வேகமும் ஓவர்டேக்கும் அண்ணன் பொறுப்பு. "அண்ணே, பிரஷர் இறங்குது" என்பேன். "நூறுல போங்க" என்று சொல்ல மாட்டேன். நெஞ்சை அழுத்தி உயிர்கொடுக்கும் நேரத்தில் மெதுவாகப் போகத்தான் சொல்வேன். குலுங்கும் வண்டியில் நின்றுகொண்டு அதைச் சரியாகச் செய்ய முடியாது.

சைரன் போட்டால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். 2017 ஓட்டுதல் விதிமுறைகள் அவசர நேரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டவும் வேக வரம்பை மீறவும் இடம் தருகின்றன. ஆனால் உரிய எச்சரிக்கையோடு. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் புதிய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆரில் ஏறுவது டிரைவர் பெயர்தான்.

இத்தனைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் மேலே இருப்பவரை விட்டுவிடவில்லை. வேக வரம்பை மீறி ஓட்டவைக்கும் முதலாளிக்கு 183ஆவது பிரிவு, பழுதான வண்டியை ஓட்டுபவரோடு ஓட்டவிடுபவருக்கும் 190ஆவது பிரிவு. ஆனால் உத்தரவு போனிலேயே கரைந்துவிடுகிறது. காகிதத்தில் மிஞ்சுவது டிரைவர் கையெழுத்து மட்டும்.

ஒருநாள் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடிக்கும் பெல்ட் அறுந்து, பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தது. சடன் பிரேக் போட்டால் அந்த இரும்பு நேராக நோயாளியின் தலைக்குத்தான் வரும். "இன்னிக்கு ஒருநாள் போயிட்டு வந்துடுங்க" என்றார் மேனேஜர். அண்ணன் சாவியைப் போடவில்லை. ட்ரிப் ஷீட்டை எடுத்து, பெல்ட் அறுந்திருப்பதையும் போகச் சொன்னவர் யார் என்பதையும் எழுதி, "சார், இதுல ஒரு கையெழுத்து" என்று நீட்டினார்.

"இதையெல்லாம் எதுக்குப்பா எழுதுற?" என்று கத்தினாரே தவிர, மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. ஸ்டோரிலிருந்து வேறு பெல்ட் வந்தது. மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

பின் டயர் தேய்ந்திருப்பதையும் அதே ஷீட்டில் எழுதி வருகிறோம். டயர் இன்னும் வரவில்லை.