தேடினால் வராத பெயர்கள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு மென்பொருள் வேலை செய்கிற எனக்கு வருவது பெரும்பாலும் பட்டியல் வேலைதான். கமக்கார (விவசாயிகள்) அமைப்பின் அங்கத்தவர் பட்டியல், கூட்டுறவுச் சங்கக் கடன் விபரம், பாடசாலை மாணவர் பதிவு. எல்லாம் எக்செல் கோப்பாக வரும். அதைத் தரவுத்தளத்தில் ஏற்றித் தேடக்கூடிய மாதிரிச் செய்து கொடுக்க வேண்டும். இதற்கென்று பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிச் சேர்த்த சின்னச் சின்னக் கோட் துண்டுகள் ஒரு கோப்புறை நிறைய இருக்கின்றன. பாடப் புத்தகங்களில் இவை இல்லை. எங்கள் தரவைக் கையில் எடுத்தால்தான் தேவை தெரியும்.

அதிகம் எடுப்பது இரண்டே வரியுள்ள ஒரு துண்டு. 'கிளிநொச்சி' என்பதில் எழுத்து ஐந்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் கணினிக்கு அது பத்துக் குறிகள். அதில் வரும் 'நொ'வை யூனிகோடில் (ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ந-வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் அரவும் தனித்தனியாக. இரண்டாவது விதத்தில் பதினொரு குறி. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்றது வராது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் உள்ள நோர்மலைஸ் என்ற கட்டளையை, பிரிந்த குறிகளைச் சேர்த்துத் தரும் என்எஃப்சி வடிவம் கேட்டு அழைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே பெயரில் உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் போட வேண்டும்.

கிளிநொச்சி அடங்கிய வன்னியில் இது சின்ன விஷயமில்லை. 2009இல் முடிந்த போரின் இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அப்படி ஒருவருக்குத் தன்னை யாரென்று காட்டச் சில வேளை ஒரு பட்டியலில் உள்ள பெயர்தான் இருக்கும். அவரிடம் போய் "அம்மா, உங்கட பேர் இதில இல்லை" என்று ஒரு கந்தோரில் சொல்லும்போது, பெயர் உள்ளே இருந்தும் கொம்பு பிரிந்து கிடப்பதால் அகப்படவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம்.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. கௌரி என்ற பெயரைப் பலர் 'கெ', 'ள', 'ரி' என்று தட்டுவார்கள். அது ஔகாரம் இல்லை, உண்மையான ளகர எழுத்து. எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளை' எல்லாம் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் என் துண்டு தொடாது. வெறும் ளகரமாக இருந்தால் தனியாக எடுத்துக் காட்டும். முடிவை ஆள் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருப்பதால் கணினி மனோகரனை மயூரனுக்கு முன் வைக்கும். எங்கள் வரிசையில் னகரம் கடைசி. எழுத்துகளை நாங்கள் படித்த ஒழுங்கில் எழுதி, அதை வைத்து அடுக்கினால் சரி.

இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கு வருவோம். 2016இல் பன்னிரண்டு இலக்க முறை வந்தது. பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். கவனம் வேண்டியது பிறந்த திகதியில்தான். 85123 என்று தொடங்கினால் 1985ஆம் ஆண்டின் 123ஆவது நாள். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். இந்த முறை எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைக்கிறது. அந்த 123ஆவது நாள் சாதாரணக் கணக்கில் மே 3 என்று வரும், சரியான விடை மே 2. அதனால் 2000 போன்ற ஒரு லீப் வருடத்தில் நாளை எண்ணி, மாதத்தையும் திகதியையும் மட்டும் எடுத்து உண்மையான வருடத்தோடு சேர்க்கிறேன். மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த பெரும்பாலானோருக்கு ஒரு நாள் பிசகு இப்படித்தான் தவிர்கிறது.

எக்செல்லில் இலக்கங்களை எழுத்தாகவே வாசிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியம் போய்விடும். எக்செல்லில் திறப்பதற்கான சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்), யூனிகோட் என்று காட்டும் அடையாளம் தொடக்கத்தில் உள்ள யுடிஎஃப்-8 சிக் வடிவத்தில் எழுதினால் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் மேலே, எந்த மாதிரித் தரவு வந்ததால் இதை எழுதினோம் என்று ஒரு வரியும், அப்படிப்பட்ட பெயர் ஒன்றும் இருக்கட்டும். அப்புறம், திருத்திய பெயரை மூலப் பெயரின் மேல் எழுதவே கூடாது. தேடலுக்கென்று பட்டியலில் பக்கத்தில் வேறொரு நிரல் (கொலம்) வைக்கலாம். காணி அனுமதிப்பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அதே எழுத்தில் அவருடைய பெயர் பிறகும் தேவைப்படும்.