அப்பாவின் போன்

2024 மே 17, வெள்ளி

நேற்று அப்பாவைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். சொந்தக்காரர், பங்குச் சனம், அவரோடு கடலுக்குப் போனவர்கள் எல்லோரையும் தெரியும். வேலியோரம் நின்ற பதினைந்து இருபது பேரைத்தான் தெரியவில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர் ஒருவர், நெற்றியில் திருநீறோடு இரண்டு பேர். எப்படிப் பழக்கம் என்று தம்பி கேட்டான். "அண்ணையைத் தெரியும்" என்பதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை.

"கேளாதை மோனை" என்றார் அம்மா.

மே 22, புதன்

அப்பாவின் போனை நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. குடியை விடத் தவிப்பவர்கள் உதவி கேட்டு எடுக்கும் போன் அது. இரவு பத்தரைக்கு அடித்தது.

நாளை வெசாக் போயா, பௌர்ணமி நாள், சாராயக் கடைகள் பூட்டு. போயாவுக்கு முதல்நாள் அப்பா போனைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார். சிலர் முன்கூட்டியே வாங்கி ஒளித்து வைப்பார்கள். சிலர் இதுதான் சாட்டு என்று குடியை விடப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது ஆட்களை நினைத்துத்தான் அவர் கூடப் பயந்தார்.

பேசியது ஒரு பெண். மனுசன் நேற்றுக் காலையோடு நிறுத்திவிட்டாராம். கை நடுங்குகிறதாம், வேர்த்துக் கொட்டுகிறதாம், சுவர் முழுக்க எறும்பு என்று கத்துகிறாராம். "அண்ணை இல்லையோ?"

அண்ணை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா சோறு குழைத்துத் தந்தபடி சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. கனகாலம் கடுமையாகக் குடித்தவர் வீட்டில் கிடந்து திடீரென்று நிறுத்தக்கூடாது. இரண்டாம் மூன்றாம் நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அது பேயுமில்லை, நடிப்புமில்லை. "செபத்தை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சொல்லலாம்" என்பார். மூன்று வேளையும் செபம் சொல்லும் மனிதர் அவர்.

உடனே ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். எவ்வளவு குடிப்பவர், எப்போது விட்டவர் என்பதை டொக்டரிடம் மறைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஒன்றரைக்கு அந்தப் பெண்ணே திரும்ப எடுத்தார். மனுசனை வார்டில் விட்டாயிற்று, ஊசி போட்டுப் படுக்கிறார். பிறகுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம்.

சின்ன வயதில் எனக்கு இந்தப் போனைக் கண்ணில் காட்டக்கூடாது. என் பிறந்தநாளன்று கேக் வெட்டப்போன நேரம் அடித்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கிழமை அவரோடு நான் கதைக்கவில்லை.

(அப்பா இருந்தால் இதை எழுதவே விடமாட்டார். ஆளைத் தெரியாதபடி சிலதை விட்டிருக்கிறேன்.)

ஜூன் 2, ஞாயிறு

பூசையால் வந்து அம்மா தையல் மெஷினைத் துடைத்தார். இது இரண்டாவது மெஷின். முதலாவது அவருடைய சீதனம். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தில் அந்தச் சன நெரிசலுக்குள் அப்பா அதன் தலையைத் தோளில் சுமந்து போனவர். திரும்பி வந்தால் கடலுக்குக் கட்டுப்பாடு, தொழில் இல்லை. கள்ளுத் தவறணையில் தொடங்கிய குடி, களவாய்க் காய்ச்சும் கசிப்பில் போய் நின்றது. தோளில் சுமந்த அதே மெஷினை 1999இல் விற்றுக் குடித்தார்.

2003இல் நிறுத்தினார். யாரோ புத்தி சொல்லி அல்ல. சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த காலம், அங்கிருந்து வந்த ஒருவர் சுவாமியாரின் அறைவீட்டில் தன்னுடைய குடிக் கதையைச் சொன்னாராம். அது தன் கதை போலவே இருந்தது என்றார் அப்பா. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டொக்டரும் இப்படி ஒருவருக்கொருவர் கதைத்துத்தான் ஏஏ என்ற, குடியை விட்டவர்களின் கூட்டம் தொடங்கியது. வலை பொத்தும்போது அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். குடித்தவன் சொன்னால்தான் குடிக்கிறவனுக்குக் கேட்கும், "நாளைக்குக் குடிக்கலாம், இண்டைக்கு மட்டும் வேண்டாம்."

2005இல் காசு சேர்த்து இந்த மெஷினை வாங்கி வந்து வைத்தார். எட்டு மாதம் அம்மா தொடவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டுப் போவார். கடைசியில் என் முதல் நன்மைச் சட்டைக்குத்தான் அம்மா அதில் உட்கார்ந்தார். அப்பா படலையடியில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு நல்ல ஞாபகம்.

ஜூன் 13, வியாழன்

இன்று அப்பாவின் 31ஆம் நாள். பாசையூர் அந்தோனியார் திருவிழாவும் இன்றுதான். காலையில் பூசை, மத்தியானம் சாப்பாடு.

வியாழன் என்பதால் பின்னேரம் ஏஏ கூட்டமும் இருந்தது. திருவிழா, கலியாணம், செத்தவீடு, இந்த மூன்றிலும்தான் கால் சறுக்கும், அன்றைக்குக் கூட்டத்தை விடக்கூடாது என்பார் அப்பா. ஒரு கேத்தில் பிளேன்ரீயும் வடையும் கொண்டுபோனேன். வாசலில் ஒரு மெலிந்த மனிதர் கேத்திலை வாங்கினார். "பிள்ளை, இண்டைக்கு இருபத்திமூண்டு நாள்" என்றார். குரலைக் கேட்டதில்லை, ஆனாலும் ஆளைப் பிடித்துவிட்டேன்.

போனை நான் வைத்திருந்து சரிவராது. அன்றிரவு எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி மட்டும். அதற்குப் பிறகு அந்த மனிதரோடு கதைக்க என்னிடம் கதை இல்லை. பன்னிரண்டு வருடமாகக் குடிக்காத ஒருவர், வேலியோரம் நின்று அழுதவர்களில் ஒருவர், உள்ளே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கொடுத்தேன்.

"சார்ஜரும் இருக்கு, அண்ணை. ராவில தலைமாட்டில வையுங்கோ."