நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் ரூம்

காலையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் எங்கள் நாலு பேர் குரூப்பில் முதல் வாய்ஸ் மெசேஜ் வந்து விழும். அநேகமாகக் குளச்சல்காரியுடையதுதான். வாரியல் முற்றத்தில் உரசுகிற சத்தம், ஒரு கோழி, எங்கோ ஒரு பிள்ளையின் அழுகை, இதற்கெல்லாம் நடுவில் "எக்கா, நேத்து துவச்ச துணி ஒண்ணும் உணங்கல்ல, இன்னைக்கும் மழையாக்கும்" என்று அவள் குரல்.

நாங்கள் நாலு பேரும் சேர்ந்தது 2020 ஊரடங்கில், ஒரு ஆன்லைன் ஆரி வேலை வகுப்பில். ஊசி யாருக்கும் பிடிபடவில்லை. மூன்றாவது வாரத்தில் நான் நின்றேன், அப்புறம் ஒவ்வொருத்தியாக நின்றார்கள், பேச்சு மட்டும் நிற்கவில்லை. குளச்சல்காரி என்னைவிட இளையவள், அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். சார்ஜாக்காரி தக்கலைப் பக்கத்துக்காரி, சார்ஜாவில் ஒரு கம்பெனியில் அலுவலக வேலை. கோயம்புத்தூர் அக்கா எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், சமைத்து முடித்துவிட்டு மெதுவாகத்தான் வருவார், எல்லாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் என்னிடம் யாரும் பேசக்கூடாது என்று மூவருக்கும் தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாள்.

பேசுவது எல்லாம் வீட்டு வேலைதான். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனில் ஒரு சுற்று, அக்டோபர் நவம்பரில் இன்னொரு சுற்று. ஆக வருஷத்தில் பாதி நாள் ஈரத்துணிதான் எங்கள் தலைப்புச் செய்தி. சார்ஜாவில் பால்கனியில் போட்டால் முக்கால் மணி நேரத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடுமாம், அதைச் சொல்லி அவள் எங்களை வயிறெரிய வைப்பாள். பதிலுக்கு நாங்கள் சாளை மீனின் போட்டோ போட்டு அவளை அழ வைப்போம். அவளுக்கு அங்கே மீன் வெட்டிக் கழுவி பாக்கெட்டில் வருகிறது. "செதிள் எடுக்கிற வேலை இல்ல, ஆனா மீனுக்க வாசமும் இல்ல பிள்ளே" என்பாள்.

இன்சூரன்ஸ் எங்கள் பேச்சுக்குள் வந்தது 2025 ஜூனில், என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் சொன்ன பிறகு. அம்மாவுக்கு 66 வயது. 2022 ஜனவரியில் அவருக்கு மட்டும் மூன்று லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுத்து, வருஷா வருஷம் கட்டிக்கொண்டு வந்தேன். இந்த மாதிரிக் கல், குடலிறக்கம், கண்புரைக்கெல்லாம் பொதுவாக இரண்டு வருஷம் காத்திருப்பு வைத்திருப்பார்கள், அதற்குள் க்ளெய்ம் கிடையாது, எங்களுக்கு அது தாண்டிவிட்டது. தைரியமாகப் போனேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள், "இன்சூரன்ஸ் இருக்கு இல்லியா, ஏசி ரூமே போட்டிரட்டா?" நானும், பிரீமியம் கட்டுகிறோமே, அம்மா ஒருநாளாவது சுகமாகப் படுக்கட்டும் என்று தலையாட்டினேன். நாள் வாடகை 4,500 ரூபாய்.

நாலு நாளில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். பதினொரு மணிக்கு பில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனது. சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அனுமதி வந்தது. அதுவரை அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. அனுமதி வந்த பிறகு கையிலிருந்து இருபத்தைந்தாயிரம் கட்டச் சொன்னார்கள்.

மொத்த பில் 91,000. அதில் ரூம் 18,000, ஆபரேஷன், டாக்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 45,000, மருந்தும் டெஸ்டும் 24,000, கையுறை, மாஸ்க் மாதிரி கம்பெனி கொடுக்காத சாமான்கள் 4,000. என் பாலிசியில் ரூம் வாடகைக்கு உச்சவரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. சரி, மீதி 1,500 வீதம் நாலு நாளுக்கு ஆறாயிரம் நம் கைக்காசு, அதுதானே என்று நினைத்தேன். அதோடு தீரவில்லை. 4,500 ரூபாய் ரூமுக்கு 3,000தான் தகுதி என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அதே மூன்றில் இரண்டை அந்த 45,000த்துக்கும் போட்டு 30,000தான் கொடுத்தார்கள், மீதி 15,000 என் தலையில். மருந்துக்கும் டெஸ்டுக்கும் இந்த வெட்டு இல்லை, அவை முழுதாக வந்தன. தினமும் மற்றவர்கள் கணக்கில் பைசா விடாமல் பார்க்கிறவள் நான். பாலிசி பத்திரத்தின் 17ஆம் பக்கத்தில் இருந்த இந்த வரியை மூன்றரை வருஷமாக வாசிக்கவே இல்லை.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே குரூப்பில் இதைச் சொல்லிப் புலம்பினேன். கோயம்புத்தூர் அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவராம், ஐந்து வருஷமாகப் பேசுகிறோம், அதைச் சொல்லவே இல்லை. "கண்ணு, அந்த ரூமுக்கு நீ ஆறாயிரம் கொடுக்கலீங்க கண்ணு, இருபத்தோராயிரம் கொடுத்திருக்கே" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) கொண்டுவந்த விதிப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அதைத் தாண்டி ஆஸ்பத்திரி ஏதாவது கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனியே ஏற்க வேண்டும். எனக்கு ஆறரை மணி நேரம் ஆனது. நல்லவேளை, அடுத்த நாள் வாடகை போடவில்லை. இது முன்னமே தெரிந்திருந்தால் கவுண்டரில் கொஞ்சம் சத்தமாவது போட்டிருப்பேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். வேலை செய்துகொண்டே ஒருத்தி தன் பாலிசியில் ஒரு பக்கத்தை வாய்ஸ் மெசேஜில் வாசிப்பாள், மற்றவர்கள் காய் நறுக்கிக்கொண்டு கேட்போம். மரச்சீனிக் கிழங்கு தோல் உரிக்கிற நேரத்துக்கு ஒரு பக்கம் சரியாக வரும்.

குளச்சல்காரிக்கு வாசிக்க ஒன்றும் இல்லை, அவளிடம் இருப்பது முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ப் பதிந்தது. குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் அதை வைத்துத்தான் பார்த்தார்கள். "எங்களுக்கு ரூமும் இல்ல, ரூம் வாடகையும் இல்ல எக்கா, வார்டுதான்" என்று சிரித்தாள். நான் அந்த வரம்பைத் தாண்டுகிறேன், ஆனால் பெரிதாகத் தாண்டவும் இல்லை. மாதச் சம்பளம் 21,000த்துக்குள் என்பதால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இஎஸ்ஐ, கிடைக்கலாம், ஆனால் ஆபீஸில் பத்துப் பேராவது இருந்தால்தான் அது கட்டாயம், நாங்கள் ஆறு பேர். நடுவில் நிற்கிறவர்களுக்கு எங்கும் இடமில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அது இப்போது வேண்டாம்.

பெரிய சண்டை வந்தது சார்ஜாக்காரியால். அவளுக்கு அங்கே வேலை மூலமாக இன்சூரன்ஸ் உண்டு, ஊரில் இருக்கிற அப்பாவுக்கு இல்லை. ஏஜென்ட் ஒருவர் "பிபி மாத்திரை சாப்பிடுறதை எழுதாண்டாம், எழுதினா பிரீமியம் ஏறும்" என்றாராம். அவளும் சரியென்று இருந்தாள். அக்காவுக்கு வந்ததே கோபம். எழுதினால் அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருப்பு, அதற்குப் பிறகு அதுவும் சேர்ந்துவிடும். முன்பு நாலு வருஷமாக இருந்ததைத்தான் 2024இல் மூன்றாகக் குறைத்தார்கள். மறைத்தால் ஆஸ்பத்திரியில் பழைய சீட்டு ஒன்று கிடைத்தாலும் க்ளெய்மும் போச்சு, பாலிசியும் போச்சு. "ஐந்து வருஷம் தாண்டினா கேள்வி கேக்க மாட்டாங்களாமே அக்கா" என்று இவள் விடவில்லை. "மோசடின்னா எப்பவும் கேப்பாங்க கண்ணு. அந்த அஞ்சு வருஷம் அப்பாவுக்கு ஒண்ணும் வராதுன்னு ஏஜென்ட் எழுதிக் கொடுப்பாரா?" என்றார் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு நாள் குரூப்பில் சத்தமில்லை. மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது, நிரப்பிய படிவம், பிபி என்ற கட்டத்தில் டிக்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அம்மாவுக்கு 18,000 பிரீமியத்தோடு 3,240 வரி கட்டிக்கொண்டிருந்தேன், அடுத்து புதுப்பிக்கும்போது அது மிச்சம். அடிப்படைப் பிரீமியத்தையே ஏற்றிவிடுவார்களோ என்று பயமும் இருக்கிறது. அந்தக் காசில் ரூம் வரம்பு இல்லாத பாலிசிக்கு மாறலாமா என்பதுதான் இப்போது பேச்சு. பழைய காத்திருப்புக் காலம் வீணாகாமல் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம், புதுப்பிக்கிற தேதிக்கு 45 நாள் முன்னால் கேட்டுவிட வேண்டும். ஆனால் 66 வயது, இப்போதுதான் ஆபரேஷன், புதுக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. எதற்கும் இரண்டு இடத்தில் கேட்கலாம் என்று படிவம் வாங்கியிருக்கிறேன்.

இன்று காலை புட்டுக்குப் பயறு குக்கரில் வைத்துவிட்டு, அந்தப் படிவத்தை முதல் பக்கத்திலிருந்து குரூப்பில் வாசித்தேன். ரூம் வாடகை என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஏழு நிமிஷ மெசேஜ். சார்ஜாக்காரி முழுதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள், "குக்கரு எத்தன விசில் அடிச்சு பிள்ளே?"

நான் எண்ணவே இல்லை. திறந்தால் பயறு குழைந்து கிடக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டார்.