நாலு பிடி

மார்ச் 24
பந்தலில் வாசிக்க இன்னும் 21 நாள்.
மோகன ராகம்தான்: ச ரி க ப த. ஆல்டோ சாக்ஸபோனில் ஜி விரலை ஷட்ஜமாக (ச) வைத்தால் சுருதி ஆறரைக் கட்டை. மந்திரப் பஞ்சமமும் (கீழ் ப) தாரப் பஞ்சமமும் (மேல் ப) எட்டும். நாலே பிடி (சின்னச் சுரத் தொடர்): கபதச, தபகரி, சரிகப, கரிசத (கடைசி த மந்திரத்தில்). ஆரோகண அவரோகணத்தை முந்நூறு தடவை ஊதினாலும் கற்பனை ஸ்வரம் (அப்போதைக்கப்போது புனைந்து வாசிப்பது) வராது. கைக்குப் படி ஏறி இறங்கத்தான் பழகும்.

மார்ச் 25
க-விலிருந்து ப. இடறுவது இங்கேதான். க-வுக்கு இடது ஆள்காட்டி விரல் ஒன்று போதும். ப-வுக்கு ஆறு விரலும் இறங்கணும், கூடவே இடது கட்டைவிரல் ஆக்டேவ் சாவியை அழுத்தணும். வலது கை பிந்தினால் இடையில் மேல் ச பளிச்சிடும். கட்டைவிரல் பிந்தினால் மந்திரப் ப உறுமும். எது கேட்கிறதென்று காதால் பிடித்துவிட்டால் எந்தக் கை குற்றவாளி என்பது தெரிந்துவிடும்.
மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு ஒரு சுரம். க, ப, க, ப. நாக்கு படாமல் ஒரே மூச்சில். நாக்கால் வெட்டினால் இடறல் மறைந்துகொள்ளும். 20 தடவை சுத்தமாக வந்தால் 64. நடுவில் ஒன்று பிசகினால் திரும்ப முதலிலிருந்து.

மார்ச் 26
64.

மார்ச் 29
மாடி அறை கொதிக்கிறது. சுருதிப்பெட்டியின் சுருதிக்கு மேலே நிற்கிறது சாக்ஸ். காற்று சூடானால் சுருதி ஏறத்தான் செய்யும். மவுத்பீஸைக் கார்க்கில் 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்ததும் சேர்ந்தது. உதட்டைத் தளர்த்தி இறக்கவே கூடாது, மேல் ஸ்தாயி ஒரு பக்கமும் கீழ் ஸ்தாயி ஒரு பக்கமும் போகும்.
ரீட் (மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டை) இரண்டரை நம்பர். நாலு ரீடை மாற்றி மாற்றி.

மார்ச் 31
க ஊதும்போதே வலது கை மூன்று விரலையும் மூடி வைத்துக்கொண்டால் ப-வுக்கு இடது கையும் கட்டைவிரலும் மட்டும் வந்தால் போதும். க-வின் நாதம் ஒரு நூல் மங்கும். ஓட்டத்தில் தெரியாது. க-வை நீட்டிக் கார்வை கொடுக்கும்போது மட்டும் வலது கையை எடுத்தாக வேண்டும். 72.

ஏப்ரல் 2
இன்று முழுக்கத் தபகரிச. ஐந்தெழுத்து, மூன்று தடவை, பதினைந்து. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் (ஒரு சுற்று) எட்டுத் தட்டு, 32 மாத்திரை. முதல் நாலு தட்டில் 16 மாத்திரை சர்வலகுவாக (தாளத்தோடு இயல்பாகப் போகும்) ஓட்டம். ஐந்தாவது தட்டின் முதல் மாத்திரையில் ஒலி இல்லை. மூச்சு. அடுத்த மாத்திரையில் தபகரிச மூன்றும் ஒரே மூச்சில், சமத்தில் (அடுத்த சுற்றின் முதல் தட்டில்) ச.
முதலில் மூன்றுக்கும் நடுவில் மூச்சு எடுத்ததால் ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை தொலைந்தது. கணக்கு சரியாக இருந்தும் சமம் தாண்டியது. மூச்சுக்கும் ஒரு மாத்திரை எழுதி வைக்கணும்.

ஏப்ரல் 3
விடிகாலை, வண்டியூர் தெப்பக்குளப் படிக்கட்டு. வெளியில் ஊதினால் சத்தம் திரும்பி வராது. போதவில்லையென்று இன்னும் முட்டி ஊதத் தோன்றும், உதடு இறுகும், சுருதி ஏறும். பந்தலிலும் இதேதான் நடக்கும். அரைக் குரலில் அரை மணி நேரம் நீண்ட ச மட்டும்.

ஏப்ரல் 6
ராத்திரி மதுரை மணி அய்யர் பாட்டு கேட்டேன். அந்தச் சர்வலகுவில் கணக்கு முன்னால் வந்து நிற்பதே இல்லை. சின்னச் சின்னப் பிடிதான், எடுக்கிற இடம்தான் மாறுகிறது. கபதச-வைத் தட்டில் எடுத்துப் பார்த்தேன், பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் உயிர் வருகிறது. இரண்டு தள்ளி, மூன்று தள்ளி. ஒரு பிடிக்கு நாலு இடம். பிறகு அதே உருவத்தைப் ப-விலிருந்து: பதசரி. த-விலிருந்து: தசரிக. காதுக்கு ஒரே உருவம், விரலுக்கு முழுக்க வேறு.

ஏப்ரல் 7
நாகஸ்வரத்தில் விரலால் துளையைப் பாதி திறந்து வழுக்கலாம். சாக்ஸில் துளைக்கு மூடி. 1846-ல் அடோல்ப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய கருவிக்குக் கமகம் (சுரத்தை அசைத்து வழுக்குவது) தெரியாது, உதடும் தொண்டையும்தான் கொடுக்கணும். சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத் அதைக் கொடுத்துக் காட்டினார். க-விலிருந்து ரி-க்கு இறங்கும்போது தாடையை ஒரு இழை தளர்த்தி, சுரம் சரியத் தொடங்கிய பிறகு விரல்.

ஏப்ரல் 10
88. மேல் ச மறுபடி எட்டிப் பார்த்தது. வலது கை.

ஏப்ரல் 12
இரண்டு ஆவர்த்தனம் வாசிப்பு, இரண்டு ஆவர்த்தனம் வெறும் தாளம். பேசாமல் இருக்கிற இரண்டில்தான் அடுத்த பிடி தானாக வந்து நிற்கிறது.

ஏப்ரல் 13
84-க்கு இறக்கினேன். க, ப. க, ப. சுத்தம். மூன்றாவது ரீடைத்தான் நாளைக்கு