ஈவல் என்ற ஒரு வரி

ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி என்று ஊருக்கொரு மழைப்பதிவுக் கோப்பு. கோப்பின் பெயரையே, அதன் எண்களை வரிசையாக வைத்திருக்கும் அணியின் (array) பெயராக்குவதற்காக, கல்லடியில் என்னருகே இருந்த தம்பி இன்று மாலை தன் ஷெல் ஸ்கிரிப்டில் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) ‘ஈவல்’ (eval) என்ற கட்டளையை எழுதினான்.

என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

ஈவல் தனக்குக் கிடைக்கும் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, கட்டளையாகவே மீண்டும் வாசிப்பதால், கோப்பின் பெயரில் யாரேனும் கட்டளைகளைப் பிரிக்கும் ஓர் அரைப்புள்ளியும் அதன்பின் கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ (rm) கட்டளையும் சேர்த்துவிட்டால், ஷெல் அதையும் தயங்காமல் நிறைவேற்றிவிடும்.

ஈவலுக்குப் பதிலாக, பாஷ் (Bash) என்ற ஷெல்லின் 2014இல் வெளிவந்த 4.3 பதிப்பில் ‘டிக்ளேர் -என்’ (declare -n) உண்டு. ஒரு மாறியை (variable) அந்த அணியின் மறுபெயராக்கி நேரடியாக எழுதலாம். (வெளியிலிருந்து வரும் பெயரை அங்கும் சரிபார்த்தே கொடுக்க வேண்டும்.)

ஊருக்கு ஒரே எண் போதுமென்றால், 2009இல் பாஷ் 4.0 தந்த, ஊர்ப்பெயர் போன்ற சொல்லையே இடங்காட்டும் சுட்டியாகக் கொள்ளும் அணி போதும் என்பேன். ஆப்பிள் கணினியோடு வரும் பாஷ் 3.2இல் மட்டும் இவ்விரண்டும் இயங்கா.